பத்து மாதப் பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது

ரேணிகுண்டா
7.1.2025

அக்கா,

போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. மாமா எடுத்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கீறாம்மா, அப்பறம் பண்றாளாம்" என்று வைத்துவிடுகிறார். நேற்று முழுக்கவா மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாய்? அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் நீ கத்த முடியாது. நான் அழுதாலும் உனக்குத் தெரியாது.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்ததும் யோகேஷை உன் கையிலிருந்து வாங்கி, "டேய், அம்மாவோட பெங்களூர் டூர் வரியாடா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். நீ அடுப்பு முன்னாலிருந்தே, "புள்ளைய எங்கயும் இட்டுக்கினு போகத் தேவல" என்றாய். என்ன டூர், யார் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அதற்காக 25, 26 இரண்டு நாளும் உற்பத்தி லைனை நிறுத்திவிட்டு, எங்களைக் குடும்பத்தோடு பெங்களூர் பக்கத்தில் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போகிறார்கள். ராட்டினம், தண்ணீர் விளையாட்டு, தலைகீழாகப் போகிற ரயில் எல்லாம் இருக்குமாம். பஸ், சாப்பாடு, ஒரு ராத்திரி தங்க ரூம், எல்லாம் அவர்களே. ஆளுக்கு இரண்டு சீட். கைக்குழந்தை மடியில் உட்காரலாம்.

யோகேஷை எதிலும் ஏற்ற மாட்டேன். தண்ணீர் பக்கம் போகவே மாட்டேன். நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து வேடிக்கை காட்டுவேன். வெந்நீருக்கு பிளாஸ்க் வாங்கிவிட்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு ராட்டினம் வேண்டாம். அந்த ஒரு ராத்திரி வேண்டும். மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஏழு மாதமாக, பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரை நான் அவனுக்கு அம்மா. அதிலும் இரண்டு மணி நேரம் அவன் தூங்கிவிடுகிறான். முதல் ஒரு மாதம் கம்பெனி பாத்ரூமில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். பிறகு அதுவும் வற்றிவிட்டது.

ஒரு ராத்திரியாவது என் பக்கத்தில் படுத்துத் தூங்கட்டும். பஸ் சித்தூர் வழியாகத்தான் போகிறது. காணிப்பாக்கம் கிராஸில் வாங்கிக்கொள்கிறேன். திரும்பும்போது அங்கேயே உன் கையில் கொடுத்துவிடுகிறேன். சத்தியமாக.

சங்கரி

*

கங்காதர நெல்லூர்
11.1.2025

சங்கரிக்கு,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன், "இன்னாமா, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். உன் மாமாவுக்குத் தமிழ் படிக்க வராது. நான்தான் படித்துக் காட்டினேன். பாலைக் கொட்டினேன் என்று நீ எழுதின இடத்தை மட்டும் படிக்கவில்லை.

நீ கேட்டதற்கு என் பதில், வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. பத்து மாதப் பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது? அவன் இப்போது கண்ட பெரிய அதிசயமே நம் கன்றுக்குட்டிதான். அது காதை ஆட்டினால் அரை மணி நேரம் சிரிக்கிறான். மிக்சி போட்டாலே பயந்து என் காலைக் கட்டிக்கொள்கிறான். அவனை ஆயிரம் பேர் அலறுகிற இடத்துக்குக் கொண்டுபோய் நீ எதை வேடிக்கை காட்டுவாய்?

இரண்டு வாரமாக நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து நேற்றுதான் தீர்ந்தது. பனி இன்னும் விடவில்லை. விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றினால் திரும்ப இழுப்பு வரும். பகலில் பதினோரு மணிக்குத் தூங்க வேண்டும். அதுவும் என் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். நீ சுடிதார் போடுகிறவள். இதெல்லாம் உனக்குத் தெரியாதென்று குத்திக்காட்டவில்லை. தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் மாமாவிடம் நியாயம் கேட்டேன். "அவங்க புள்ள. ரெண்டு நாளு இன்னா, ஒரேடியா இட்டுக்கினு போனாலும் நீ யாரு கேக்கறதுக்கு?" என்றார்.  எனக்குப் பிறந்த இரண்டும் ஒரு தடவைகூட அழாமலே போனது உனக்குத் தெரியும். அதை இதில் இழுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். பேனாவால் எழுதினதை என்ன செய்வது.

அவனுக்கு ஐந்து வயதாகட்டும். புதுச் சட்டை நானே வாங்கிப் போட்டு அனுப்புகிறேன். இப்போது வேண்டாம்.

அக்கா

*

ரேணிகுண்டா
15.1.2025

அக்காவுக்கு,

பண்டிகைக்கு ஊருக்கு வந்த தேன்மொழி இன்று வேலைக்குத் திரும்பினாள். லைனில் என் பக்கத்து சீட் அவளுடையது என்று உங்களுக்குத் தெரியும். டீ குடிக்கும்போது, "ஏன்க்கா, அங்கன்வாடி ரிஜிஸ்டர்ல யோகேஷுக்கு அம்மா பேருன்னு உங்கக்கா பேரு கீதே, தத்து குடுத்துட்டியா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவளுடைய அண்ணி பிள்ளைக்கு எடை போடப் போன இடத்தில் பார்த்தாளாம். எடை எழுதுகிற அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறதாமே.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சளி, பனி, கன்றுக்குட்டி என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நானும் அதை நம்பி, போக வேண்டாமோ என்று இரண்டு நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். தேன்மொழியிடம் சொல்லி டூர் லிஸ்டிலிருந்து எங்கள் பேரை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இப்போது புரிகிறது. அவன் எங்கேயும் போகக் கூடாது என்பது பனிக்காக இல்லை.

யோகேஷை நான் பெற்றேன். அறுத்து எடுத்தார்கள். தையல் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

25ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு பஸ் காணிப்பாக்கம் கிராஸில் நிற்கும். பிள்ளையோடு நீங்கள் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நான் இறங்கி வீட்டுக்கே வருவேன். ஊர் பார்க்கட்டும்.

சிவசங்கரி

*

கங்காதர நெல்லூர்
18.1.2025

சங்கரி,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து கேட்காத வார்த்தை.

எடை போட்ட அன்று அங்கன்வாடி டீச்சர் தெலுங்கில் அம்மா பேர் கேட்டார். யார் பேரைக் கேட்கிறார் என்று புரியாமல் என் பேரைச் சொல்லிவிட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். புரிந்துதான் சொன்னேன். யோகேஷ் என் இடுப்பில் இருந்தான். சுற்றி நாலைந்து தாய்மார்கள். ஒவ்வொருத்தியும் தன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் முறை வந்தது, சொன்னேன். வீடு வந்து சேர்வதற்குள் தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் திரும்பப் போய்ச் சொல்ல நான்கு மாதமாக என் கால் போகவில்லை.

நேற்று டீச்சர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பண்டிகை லீவு முடிந்து ரிஜிஸ்டரைத் திருத்திப் புது அட்டை தருகிறேன் என்றார்.

பிள்ளையைக் கொண்டுவருகிறேன். தூக்கக் கலக்கத்தில் அழுவான், பயப்படாதே. ராகிக் கூழை ஆறவைத்து, ஸ்பூன் வேண்டாம், விரலால் கொடு. ஸ்பூனைப் பார்த்தால் மருந்து என்று வாயை மூடிக்கொள்வான். ஊசி போட்ட விவரம் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கிறது, பையில் வைக்கிறேன். காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்பார். என் பேர் இருப்பதை மட்டும் பொறுத்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். குடியரசு தின லீவில் ஏர்போர்ட்டில் சவாரி அதிகம், உன் வீட்டுக்காரர் டாக்சியை விட்டு வர மாட்டார் என்று தேன்மொழி சொன்னாள். அந்த சீட் காலியாக இருந்தால் நான் வரட்டுமா? பின்னாலே எங்கேயாவது உட்கார்ந்துகொள்கிறேன். அவன் அழுதால் ஒழிய தூக்க மாட்டேன். ராத்திரி உன் பக்கத்திலேயே படுக்கட்டும். நான் வெளியே வராந்தாவில் படுத்துக்கொள்வேன்.

அக்கா

*

ரேணிகுண்டா
21.1.2025

அக்கா,

சீட் இல்லை. இவர் வருகிறார். லீவு சொல்லிவிட்டார்.

ஆறரைக்கு வந்துவிடு.

சங்கரி

*

ரேணிகுண்டா
29.1.2025

அக்கா,

உன்னிடமிருந்து இருபத்தெட்டு மிஸ்டு கால். எடுக்க முடியவில்லை. முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன், பிறகு நீ திட்டு.

இவர் வரவில்லை. வருவதாகவே இல்லை. என் பக்கத்து சீட் ரேணிகுண்டாவிலிருந்து பெங்களூர் வரை காலியாகத்தான் போனது. நீ பஸ் படியில் நின்று அவனை என் கையில் கொடுத்தபோது எட்டிப் பார்த்துவிடுவாயோ என்று கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

பலமனேர் வரை அழுதான். கொஞ்சம் தூங்கினான். முழித்ததும் பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தான். புடவை கட்டினவர்களை இரண்டு தடவை பார்த்தான். திரும்ப ஆரம்பித்தான். கூழ் குடிக்கவில்லை. நீ சொன்னபடி விரலால்தான் கொடுத்தேன்.

பார்க்கில் எல்லாரும் தண்ணீர் பக்கம் போய்விட்டார்கள். போன்களை லாக்கரில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்கள். நான் குதிரை ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். குதிரையைக் காட்டினேன், பலூனைக் காட்டினேன். அவன் உடம்பை வில்லாக வளைத்து, என் மார்பில் கையை வைத்துத் தள்ளினான். முகம் கருநீலமாகிவிட்டது. மூன்று மணி இருக்கும். யாரோ ஒரு அம்மா செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி தமிழ் தெரிந்தவள்.

"குழந்தை யாருதும்மா?"

"என்னுது."

"ஒரு மணி நேரமா பாத்துக்கிட்டு இருக்கோம். உங்க கிட்ட இருக்கவே மாட்டேங்குதே."

ஆபீஸ் ரூமுக்கு அழைத்துப் போனார்கள். என் போனில் அவனோடு நான் இருக்கிற படம் கேட்டார்கள். அவன் படம் நூறு இருக்கிறது, எல்லாம் நான் எடுத்தது. எதிலும் நான் இல்லை. நிறையப் படத்தில் அவன் உன் இடுப்பில் இருக்கிறான். பையைக் கொட்டினார்கள். அந்த அட்டையை எடுத்து என் ஆதாரோடு வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார்கள்.

அதற்கப்புறம் உனக்குத் தெரியும். நீ "அல்லோ" என்றதும் அவன் அழுகையை நிறுத்திவிட்டான். போனைப் பார்த்துக் கையை நீட்டினான். ரூமில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்தக் குழந்தையோட அம்மா நீங்கதானா?" என்று அவள் கேட்டாள். நீ பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. லைனில் வேலை செய்கிற எனக்கு நொடி கணக்கு நன்றாகத் தெரியும், அன்றைக்குத் தெரியவில்லை. அப்புறம் சொன்னாய்: "இல்லம்மா. அங்க கீறவதான் அம்மா. நான் அவளோட அக்கா. அவள உட்டுடுங்க."

தேன்மொழி வந்து எல்லாருமாகச் சொன்ன பிறகு விட்டார்கள். தப்பாக நினைக்காதீர்கள் என்றார்கள். நான் எப்படித் தப்பாக நினைப்பேன்? அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் கேட்டார்கள்.

ராத்திரி அழ அவனுக்குத் தெம்பில்லை. என் வயிற்றின் மேல் குப்புறப் படுத்து, சுடிதார் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். நான் விடியும் வரை அசையவில்லை. அப்போதுதான் முடிவு செய்தேன். மறுநாள் பஸ்ஸில் டிரைவரிடம், காணிப்பாக்கம் கிராஸில் நிற்க வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன்.

இன்னொரு ஏழு மாதம் உன்னிடம் விட்டால், அடுத்த தடவை அவர்கள் கேட்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிடும் அக்கா.

வேலைக்குப் போகவில்லை. இனிமேல் போக மாட்டேன். போன் பண்ணாதே. உன் குரல் கேட்டால் வாசலைப் பார்க்கிறான்.

சங்கரி

*

கங்காதர நெல்லூர்
3.2.2025

சங்கரி,

சீட் காலியாக இருந்ததை அன்றைக்கே பார்த்தேன். நீ கதவை மறைத்தாய், ஜன்னலை யார் மறைப்பது? உன் பை மட்டும் அந்த சீட்டில் இருந்தது. பஸ் போன பிறகு உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே கிராஸுக்குப் போய்விட்டோம். பால் காய்ச்சி எடுத்துப்போயிருந்தேன். முன்னால் பேனர் கட்டின பஸ் தெரிந்ததும் கை காட்டினேன். நிற்கவில்லை. ஜன்னலோரம் இருந்த தேன்மொழி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உன் மாமா, "இது வேற பஸ்ஸுமே, நம்மளுது பின்னால வந்துக்கினு இருக்கும்" என்றார். அவருக்கும் தெரியும். மூன்று மணி வரை நின்றோம். பால் திரிந்துவிட்டது.

போனில் நான் பேசாமல் இருந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான்தான் என்று சொன்னால் இன்றைக்கே பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உன்னை என்ன செய்வார்கள் என்பதும் தோன்றியது. அது தெரிந்தும் அடுத்த வார்த்தை வரவில்லை. நீ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சின்ன வயதில் அடி வாங்கிக்கொண்டு மூலையில் நின்று அப்படித்தான் உறிஞ்சுவாய். அப்புறம்தான் எனக்குச் சரியான வார்த்தை வந்தது.

இதைத் தெரிந்துகொண்டு நீ பிள்ளையைத் தராமல் இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. நான் வாதாட மாட்டேன்.

அவன் துணி இங்கே கொடியில் இருக்கிறது. தேன்மொழியிடம் கொடுத்தனுப்புகிறேன். சளிக்குப் புதிதாக வாங்கின மருந்து பாட்டிலும் அதில் இருக்கும். பிரித்தாகிவிட்டது, ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதே.

அக்கா

*

ரேணிகுண்டா
10.3.2025

அக்கா,

துணி வந்தது. சின்னதாகிவிட்டது.

பதினெட்டு நாள் அழுதான். எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாம் நாள் காலையில் முழித்து என் முகத்தைப் பார்த்தான், அழவில்லை. சந்தோஷப்பட வேண்டும். எனக்கு என்னவோ ஒரு பிள்ளையை அடித்து அடக்கின மாதிரி இருந்தது.

இவர் சரியாகப் பேசுவதில்லை. "நல்லா பாத்துக்கினு இருந்தவங்க கிட்டருந்து புடுங்கிக்கினு வந்துட்ட. வேலையும் போச்சு" என்கிறார். நாள் முழுக்க இந்த ஒற்றை ரூமில் நானும் அவனும்தான். அவன் என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். உன் மாதிரி எனக்கு விளையாடக் காட்டத் தெரியவில்லை. கற்றுக்கொள்கிறேன்.

நீ வருகிறேன் என்று சொல்லியனுப்பினாயாம். இப்போது வேண்டாம் அக்கா. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தால் என்னால் தாங்க முடியாது. கொஞ்ச நாள் போகட்டும். நானே கூப்பிடுகிறேன்.

சங்கரி

*

கங்காதர நெல்லூர்
21.4.2025

சங்கரி,

நீ கூப்பிடுவாய் என்று இருந்தேன். ஆறு வாரம் ஆகிவிட்டது. உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை உன் மாமாவுக்குக் கண் காட்டத் திருப்பதிக்குப் போனோம். அவரை ஆஸ்பத்திரி வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் ரேணிகுண்டா பஸ் ஏறினேன். உன் வீட்டுக்கு வருகிற எண்ணம் இல்லை. தெருமுனையில் நின்று, வெளியே வந்தால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். உன் பேச்சை மீறினதாக ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

அதிர்ஷ்டம்தான். பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே காய் வண்டிக்காரனிடம் நீ தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் நிழற்கூடத்துத் தூணுக்குப் பின்னால் போய், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். யோகேஷ் உன் காலடியில் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் சங்கரி, பிடிமானம் இல்லாமல். சிவப்புச் சட்டை. முடி வளர்ந்து காதை மூடியிருந்தது.

நீ அந்தப் பக்கம் திரும்பி, அழுகினதை எடுத்துப் போட்டு வண்டிக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாய். யோகேஷ் உன் துணியை விட்டுவிட்டு நடந்தான். ஏழு அடி. தூணைச் சுற்றிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை, சாமி சத்தியமாக. கையைக்கூட நீட்டவில்லை. அண்ணாந்து பார்த்தான். நான் சிரித்தேன். அவனும் சிரிப்பான் என்று நினைத்தேன்.

உதடு பிதுங்கியது. முதலில் சத்தம் வரவில்லை, அப்புறம் வீல் என்று கத்திக்கொண்டு திரும்பினான். விழுந்தான். எழுந்து உன்னிடம் ஓடினான். நீ தக்காளியைப் போட்டுவிட்டுக் குனிந்து அவனை அள்ளிக்கொண்டாய். உன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினான். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே, "யாரும் இல்லடா கண்ணு, அங்க யாரும் இல்ல" என்றாய்.

அழுகை உடனே நின்றுவிட்டது.

நான் அடுத்த பஸ்ஸில் ஏறித் திருப்பதி போய்விட்டேன். உன் மாமாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், பார்வை மங்கலாக இருந்தது. "புள்ளைய பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன், நன்றாக நடக்கிறான் என்றேன். "உன்ன பாத்தானா?" என்றார். பார்த்தான் என்றேன்.

அக்கா